ஆறாம் எண் சீட்டு

பொங்கலுக்கு வந்திருந்த என் பேத்தி, சாப்பாடு முடிந்து நான் ஈசிச்சேரில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து ஒரு சீட்டை என் கையில் வைத்தாள். "தாத்தா, இதுல பிரெஞ்சுல என்னவோ எழுதியிருக்கு. படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நடுவில் ஓர் இளைஞன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெண். ஒருத்தி அவன் தோளில் கை வைத்திருக்கிறாள், இன்னொருத்தி அவன் நெஞ்சில். மேலே சூரிய வட்டத்துக்குள் இறக்கை முளைத்த ஒரு குழந்தை அம்பைத் தொடுத்துக் குறி பார்க்கிறது. தலைமாட்டில் ரோமன் எண்ணில் ஆறு. கால்மாட்டில் 'லாமூரெ'.

"காதலன்" என்றேன்.

"காதலர்கள் இல்லையா? இங்கிலீஷ்ல லவர்ஸ்னுதானே போட்டிருக்கான்?"

"இங்கிலீஷ்ல எப்படியோ. இது ஒருமை, ஆண்பால். ஒரே ஒருத்தன்."

அவள் முகம் மாறியது. பிறகுதான் விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பெங்களூரில் கூட வேலை பார்க்கும் பையனோடு இரண்டு வருடப் பழக்கம். இரண்டு வீட்டிலும் பேசி, வைகாசியில் முகூர்த்தம் என்று முடிவானது. இந்த நேரத்தில் யாரோ ஒரு டாரட் பார்க்கும் அம்மாளிடம் போனில் பார்த்திருக்கிறாள். இந்த ஆறாம் எண் சீட்டு தலைகீழாக விழுந்ததாம். 'இது உனக்கு விதிக்கப்பட்ட புனித இணைவு இல்லை, உண்மையானது இனிமேல்தான் வரும், அவசரப்படாதே' என்று சொல்லி மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார்களாம். அன்றிலிருந்து இவள், "தேதியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமே" என்று தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அஞ்சாயிரம் வருஷத்து எகிப்து ரகசியம் தாத்தா. சும்மா சொல்ல மாட்டாங்க" என்றாள்.

எனக்கு அவளைத் திட்ட மனம் வரவில்லை. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் சில வருடங்கள் எத்தா சிவில் பதிவேடுகளோடு கழிந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஒரு தாள் மேசைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்கப் பழகியவன்: யார் எழுதியது, எந்தத் தேதியில், எதை வைத்து எழுதியது. "எனக்குப் பதினைந்து நாள் கொடு. இந்த ஃபைலைப் பார்த்துச் சொல்கிறேன்" என்றேன். பதினைந்து நாள் இரண்டு மாதமாகிவிட்டது. நான் பார்த்ததை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயர். பிரெஞ்சில் கடைசி எழுத்து ஒலிக்காது, 'தாரோ' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் டாரட் என்றால்தான் நம் ஊரில் புரியும், அப்படியே வைத்துக்கொள்வோம்.

இது எகிப்தில் பிறந்ததல்ல. வடக்கு இத்தாலியில், 15ஆம் நூற்றாண்டில், சீட்டாட்டமாகப் பிறந்தது. இப்போது கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 1440ஆம் வருடத்தது. ஃபிளாரன்ஸ் பக்கத்து நோட்டரி ஒருவர், ஒரு பிரபுவுக்காக இந்தச் சீட்டுக்கட்டு வாங்கியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவரும் என் இனத்தவர்தான், எழுதி வைக்கிற ஜாதி. அவர் எழுதாவிட்டால் இந்தத் தேதியே நமக்குக் கிடைத்திருக்காது. அப்போது இதற்குப் பெயர் 'திரியோன்ஃபி', அதாவது வெற்றி ஊர்வலங்கள். இங்கிலீஷில் டிரம்ப் என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். நாம் இருபத்தெட்டு ஆடும்போது கேட்கிற 'துருப்பு'ம் ஐரோப்பியர் இங்கே விட்டுப்போன அதே குடும்பத்துச் சொல்.

கட்டில் 78 சீட்டு. கோப்பை, வாள், நாணயம், கோல் என்று நான்கு ஜாதி, ஜாதிக்குப் பதினான்காக 56. மீதி 22 படச் சீட்டுகள். அதில் கோமாளி தனி. மற்ற 21ம் நிரந்தரத் துருப்பு. நம் ஆட்டத்தில் துருப்பு கேட்டு வைப்போம், இதில் கேட்கவே வேண்டாம். எண் பெரியது சின்னதை வெட்டும், அவ்வளவுதான். மார்செய் வரிசைப்படி நாலு சக்கரவர்த்தி, ஐந்து போப்பாண்டவர், ஆறு காதல், ஏழு ரதம். ஆகவே காதல் வந்து விழுந்தால் சக்கரவர்த்தியும் போப்பும் வெட்டுப்படுவார்கள். ரதம் வந்தால் காதல் போய்விடும். பதின்மூன்றாம் சீட்டு சாவு. அதற்குப் பெயர்கூட எழுத மாட்டார்கள், எலும்புக்கூட்டின் படம் மட்டும்தான். பெத்ரார்க் என்ற இத்தாலியக் கவி இதற்கு முந்தைய நூற்றாண்டில் 'வெற்றிகள்' என்று ஒரு நெடும்பாட்டு எழுதினார். காதலைக் கற்பு வெல்லும், கற்பைச் சாவு வெல்லும், சாவைப் புகழ் வெல்லும், அதைக் காலம், காலத்தை நித்தியம் என்று போகும். சீட்டை வகுத்தவர்கள் மனதிலும் இதுபோன்ற ஒரு படிக்கட்டு இருந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் சிலருடைய கருத்து.

இனி ஆறாம் சீட்டின் மிகப் பழைய படத்துக்கு வருகிறேன். இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மிலான் பிரபு ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தியின் அரண்மனைக்காகத் தங்கத் தகடு ஒட்டி, கையால் வரைந்த கட்டு. அதில் இரண்டு பெண்கள் கிடையாது. ஒரு பந்தல், அதன் கீழே ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வலது கையைப் பிடித்தபடி நிற்கிறார்கள். மேலே கண்ணைக் கட்டிக்கொண்ட மன்மதன். காலடியில் ஒரு சின்ன நாய்க்குட்டி, விசுவாசத்துக்கு அடையாளமாக. பந்தல் விளிம்பில் விஸ்கோந்தி குடும்பத்துப் பாம்பு முத்திரையும், சிவப்பில் வெள்ளைச் சிலுவை முத்திரையும் மாறிமாறி வருகின்றன. கையைப் பிடிப்பதுதான் அந்தக் காலத்து இத்தாலியத் திருமணத்தின் சாட்சி. கைத்தலம் பற்றுவது என்றால் என்னவென்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய கல்யாணம் இது? அந்த வெள்ளைச் சிலுவை சவோய் குடும்பத்தது என்றால், பிரபுவே 1428இல் சவோய் மரியாவை மணந்ததைக் குறிக்கிறது. அது பவியா நகரத்துச் சிலுவை என்றால், 1441இல் அவருடைய மகள் பியாங்கா மரியா, படைத்தலைவன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவை மணந்ததைக் குறிக்கிறது. இதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

எதுவானாலும், இந்தப் பிரபுவின் கல்யாண ஃபைலைப் புரட்டியபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதல் கல்யாணம் 1412இல், பெயாத்ரீசே என்ற விதவையோடு. அவளுடைய இறந்த கணவன் பெரிய படைத்தலைவன். அந்தப் படையும் நகரங்களும் பணமும் அவளோடு சேர்ந்து வந்தன. காரியம் முடிந்தது. 1418இல் அவள்மேல் நடத்தைப் பழி சுமத்தி, பினாஸ்கோ கோட்டையில் தலையை வெட்டிவிட்டார்கள். இரண்டாவது கல்யாணம் சவோயோடு அரசியல் உடன்படிக்கைக்காக. பிள்ளை இல்லை. ஒரே மகள் பியாங்கா மரியா காதலியிடம் பிறந்தவள். அவளுக்கு ஆறேழு வயது இருக்கும்போதே, முப்பது தாண்டிய ஸ்ஃபோர்ஸாவுக்கு நிச்சயம் செய்தார். அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த நிச்சயத்தைத் தூண்டிலாக வைத்து அவனை ஆட்டிப்படைத்தார், இன்று தருகிறேன், நாளை தருகிறேன் என்று. கடைசியில் 1441 அக்டோபரில் கிரெமோனாவில் கல்யாணம். கிரெமோனா நகரமே சீதனம்.

ஆச்சரியம் என்னவென்றால், இப்படி ஆரம்பித்த அந்தக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. 1450இல் ஸ்ஃபோர்ஸா மிலானின் பிரபுவானான். நிர்வாகத்தில் அவள் பெரும்பங்கு எடுத்துக்கொண்டாள், பல பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்காக வரையப்பட்ட இன்னொரு கட்டில் 74 சீட்டுகள் இன்றும் இருக்கின்றன. நியூயார்க்கில் மோர்கன் நூலகத்தில் கொஞ்சம், பெர்கமோவில் கொஞ்சம், மீதி அங்கேயே ஒரு பழைய குடும்பத்தாரிடம். அதிலும் ஆறாம் சீட்டில் கைபிடித்த தம்பதிதான்.

ஆக, மிகப் பழைய படம் கல்யாணப் படம், உண்மைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது ரகசிய ஞானம் அல்ல. படையும் நகரமும் சீதனமும் கையெழுத்தும்தான்.

பிறகு இந்த ஆட்டம் ஆல்ப்ஸ் மலை தாண்டி பிரான்சுக்குப் போனது. மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, வண்ணம் பூசி விற்றார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ், பிறகு லியோன், மார்செய். மார்செய் நகரத்து நிக்கோலா கோன்வேரின் 1760ஆம் வருடக் கட்டு இன்று வரை மறு அச்சு போகிறது. என் பேத்தியின் கையில் இருந்தது அந்த வகைதான். தம்பதி இருந்த இடத்தில் இங்கேதான் மூன்று பேர் நிற்கிறார்கள். ஏன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நடுவில் இருப்பவர் மணம் முடித்து வைப்பவர் என்று ஒரு கட்சி. ஒருத்தி தாய், ஒருத்தி மணப்பெண் என்று இன்னொரு கட்சி (நம் ஊர் மாமியார் மருமகள் வழக்கைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம்தான் சாய்வார்கள்). மூன்றாவது, ஹெர்குலிஸ் கதை. அந்த வீரன் வாலிப வயதில் ஒரு முச்சந்தியில் நின்றான், இன்பம் ஒரு பெண்ணாகவும் அறம் ஒரு பெண்ணாகவும் வந்து தன் தன் வழிக்கு அழைத்தார்கள் என்று கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் சொல்லும் கதை. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர் இதைச் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு இந்த மூன்றாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. பெயர் ஒருமையில் இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இது சேர்ந்துவிட்ட இருவரின் படம் அல்ல, இன்னும் முடிவெடுக்காத ஒருவனின் படம்.

அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கும்போது எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாதம் தவணை இருந்தது. சித்தப்பா எழுதிக்கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அந்த ஆறு மாதமும் அப்பா இப்படித்தான் முகத்தை ஒரு பக்கமும் உடம்பை ஒரு பக்கமுமாக வைத்துக்கொண்டு திரிந்தார். இதற்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை, தோன்றியது எழுதினேன்.

சரி, எகிப்து எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு தேதி இருக்கிறது: 1781. கூர் தெ ஜெபெலன் என்பவர் பாரிசில் இருந்த புராட்டஸ்டண்ட் போதகர், பெரிய படிப்பாளி. 'ஆதி உலகம்' என்று பல தொகுதிகள் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஒரு சீமாட்டியின் வீட்டுக்குப் போனபோது அங்கே டாரட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவுடன், இது எகிப்து ஞானிகளின் புத்தகம், அழிந்துவிடாமல் இருக்கச் சீட்டாக மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொறி தட்டிவிட்டது அவருக்கு. கால் மணி நேரத்தில் எல்லாச் சீட்டையும் விளக்கிவிட்டதாக அவரே எட்டாம் தொகுதியில் எழுதியிருக்கிறார். 'தார்' என்றால் வழி, 'ரோ' என்றால் அரசன், ஆகவே ராஜபாட்டை என்று எகிப்து மொழியில் பொருளும் சொன்னார். ஆறாம் சீட்டுக்கு 'திருமணம்' என்று பெயர் வைத்தார்.

எகிப்தின் சித்திர எழுத்தை முதன்முதலில் ஷாம்போலியோன் படித்துக் காட்டியது 1822இல். அதாவது ஜெபெலன் மொழிபெயர்த்து 41 வருடம் கழித்து. அவர் மொழிபெயர்த்தபோது அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு மனிதர்கூட உலகத்தில் இல்லை. எழுத்து வெளிச்சத்துக்கு வந்த பிறகு அவர் சொன்ன 'தார்'ம் 'ரோ'வும் அந்தப் பொருளில் அங்கே அகப்படவில்லை. என் மேசைக்கு இப்படி ஒரு தாள் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். பாரிஸ் நகரம் திருப்பி அனுப்பவில்லை.

ஜிப்சிகள்தான் கொண்டுவந்தார்கள் என்ற கதையும் இதன் பிறகு கிளம்பியதுதான். ஜிப்சிகளின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பது உண்மை. அதற்காகச் சீட்டும் இங்கிருந்து போனது என்று நாம் மார்தட்ட முடியாது, ஆதாரம் இல்லை. மைக்கேல் டம்மெட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவப் பேராசிரியர் 1980இல் டாரட் ஆட்டத்தைப் பற்றிப் பெரிய புத்தகம் போட்டார். முதல் முன்னூறு வருடமும் இது பெரும்பாலும் ஆட்டமாகவே இருந்தது, மறைபொருள் எல்லாம் பிரான்சில் 18ஆம் நூற்றாண்டில் ஏறியது என்று பக்கம் பக்கமாகக் காட்டியிருக்கிறார்.

தலைகீழாக விழுந்தால் கெட்டது என்பதற்கும் ஆள் இருக்கிறார். பாரிசில் அலியெத் என்று ஒருவர். தன் பெயரைத் தலைகீழாகத் திருப்பி 'எத்தெய்லா' என்று வைத்துக்கொண்டவர். பெயரையே திருப்பியவர் சீட்டைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்! சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்துச் சோதிடம் சொல்வது எப்படி என்று 1770இல் புத்தகம் போட்டு, நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறு பொருள் என்று அச்சில் கொடுத்தார். 1785இல் அதையே டாரட்டுக்கும் செய்தார். பிறகு சோதிடத்துக்கென்றே தனிக் கட்டும் அச்சிட்டார். அதில் குருக்கள் ஒருவர் ஒரு தம்பதிக்கு மணம் செய்து வைக்கும் படத்துக்குக் கீழே திருமணம், இணைவு என்று போட்டிருக்கும். அவர் சொந்தத் திருமணம் 1763இல் நடந்தது, சில வருடத்தில் முடிந்துபோனது. அப்போது விதை வியாபாரம் செய்துகொண்டிருந்தார். என் பேத்தியின் வைகாசி முகூர்த்தத்தைத் தள்ளிப்போட வைத்தவர் இந்த விதை வியாபாரிதான்.

'புனித இணைவு' என்ற கருத்தே புரட்டு என்று நான் சொல்லவில்லை. அது மிகப் பழையது. சுமேரியர்கள் இனன்னா தேவிக்கும் தூமுசிக்கும் நடந்த திருமணத்தைப் பாடினார்கள். கிரேக்கர்களுக்கு சீயுஸ், ஹேரா. பைபிளில் இருக்கும் உன்னதப்பாட்டு வெளிப்படையாகப் பார்த்தால் காதல் பாட்டு. அதன்மேல் 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடத்துப் பெர்னார் 86 பிரசங்கம் எழுதினார், ஆன்மா மணமகள், இறைவன் மணமகன் என்று. யூதர்களின் கபாலா நெறியில் இறைவனின் ஆண் அம்சமும் 'ஷெகினா' என்ற பெண் அம்சமும் பிரிந்திருப்பதால்தான் உலகத்தில் துன்பம், அவை கூடுவதே மீட்பு. ரசவாதிகள் கந்தகத்தையும் பாதரசத்தையும் ராஜா ராணி என்றார்கள். 1550இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் அச்சான 'ரோசாரியம்' என்ற நூலில் ராஜாவும் ராணியும் கைபிடித்து, குளத்தில் இறங்கி, ஒன்றாகி, செத்து, ஒரே உடம்பாக எழுந்து நிற்கும் படங்கள் வரிசையாக இருக்கின்றன. மனோதத்துவ நிபுணர் யுங் 1946இல் அதே படங்களை வைத்து, மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நடப்பதை விளக்கினார். இவை எல்லாம் ஆழமான விஷயங்கள். அம்மையப்பனைக் கும்பிட்டு வளர்ந்தவனுக்கு இவை அந்நியமாகப் படாது. ஆனால் இவற்றில் எதுவும் 1780க்கு முன்னால் அந்த ஆறாம் சீட்டில் ஏறியதாகச் சாட்சி இல்லை.

ஏற்றி வைத்தவர்களில் முக்கியமானவர் எலிஃபாஸ் லெவி. அசல் பெயர் அல்ஃபோன்ஸ் லூயி கோன்ஸ்தான், செருப்புத் தைப்பவர் மகன், பாரிஸ்காரர். பாதிரியாராகப் படித்து, குருப்பட்டம் வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் விலகியவர். இவர் 1850களில் எழுதிய உயர் மந்திரவித்தை நூலில், எபிரேய எழுத்து 22, டாரட் படச் சீட்டும் 22 என்று சொல்லி ஒன்றுக்கு ஒன்று முடிச்சுப் போட்டார். அந்த முடிச்சு வழியாகத்தான் கபாலா முழுவதும் சீட்டுக்குள் இறங்கியது. ஆறாவது எழுத்து 'வாவ்', கொக்கி என்று பொருள். அந்த எண்ணுக்கு அவர் பிணைப்பு, தழுவல், போராட்டம், சமநிலை என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறார். பிரெஞ்சு மூலத்தைப் படித்துக்கொண்டு வந்தவன் ஒரு சொல்லில் அப்படியே நின்றுவிட்டேன். 'லிங்கம்'! பாரிசில் உட்கார்ந்துகொண்டு, நம் கோயில் ஒன்றைக்கூடப் பார்க்காமல், இந்தியாவைப் பற்றி அங்கே வந்த புத்தகங்களிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். இந்தச் சீட்டுக்கும் நமக்கும் நான் கண்ட ஒரே உறவு இந்த ஒரு சொல்தான். இதற்கு மேல் அர்த்தநாரீசுவரர் வரைக்கும் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

அவருடைய கல்யாணக் கதை வேறு. 1846இல் வயதில் மிக இளைய நொயெமி கடியோ என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் பிறந்து இறந்தன. 1853 வாக்கில் அவள் அவரை விட்டுப் போனாள். பிற்காலத்தில் குளோத் விஞோன் என்ற பெயரில் சிற்பியாகவும் எழுத்தாளராகவும் பெயர் வாங்கினாள். 1865இல் நீதிமன்றம் அந்தத் திருமணமே செல்லாது என்றது. அந்த மந்திர நூலின் முதல் பகுதி வெளிவரத் தொடங்கியது 1854இல். தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். காலியான வீட்டில் உட்கார்ந்துகொண்டு இணைவைப் பற்றி எழுதிய மனிதர். இவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. என் மனைவி போன பிறகு முதல் வருடம் நானும் என்னென்னவோ புத்தகங்கள் படித்தேன்.

லெவியிடமிருந்து லண்டனுக்குப் போனது. 1888இல் அங்கே 'கோல்டன் டான்' என்று ஒரு மறைஞானச் சங்கம் தொடங்கினார்கள். அதில் இருந்த ஆர்தர் எட்வர்ட் வெயிட், அதே சங்கத்துப் பெண் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித்தைக் கொண்டு ஒரு புதுக் கட்டு வரையச் செய்தார். 1909 டிசம்பரில் வெளிவந்தது. இன்று போனில் டாரட் என்று தேடினால் வருவது பெரும்பாலும் இதுதான். மார்செய் சீட்டின் மூன்று பேரையும் வெயிட் எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக ஏதேன் தோட்டம். ஆடையில்லாத ஆண், பெண். பெண்ணுக்குப் பின்னால் பழமரமும் பாம்பும், ஆணுக்குப் பின்னால் பன்னிரண்டு சுடர் எரியும் மரம். இருவருக்கும் நடுவில் மலை, மேலே சூரியனுக்குக் கீழே கை விரித்த தேவதூதன். ஆண் பெண்ணைப் பார்க்கிறான், பெண் மேலே தேவதூதனைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைதான் படத்தின் உயிர். பதினைந்தாம் சீட்டான சாத்தானிலும் இதே இருவர் நிற்பார்கள், தேவதூதன் இருந்த இடத்தில் சாத்தான், கழுத்தில் சங்கிலி. சங்கிலி தளர்வாகத்தான் இருக்கும், நினைத்தால் கழற்றிவிடலாம். நல்ல கற்பனை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தோட்டத்துப் படத்துக்கு வயது ஐயாயிரம் இல்லை, நூறும் சில்லறையும். காதலன் காதலர்கள் ஆனதும் இப்படித்தான்.

78 படத்தையும் சில மாதத்தில் வரைந்து கொடுத்த அந்த அம்மாளுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? நிறைய வேலை, கொஞ்சம் காசு என்று அவரே ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டு உலகம் முழுவதும் பதிப்பகத்தின் பெயரையும் வெயிட்டின் பெயரையும் சேர்த்துத்தான் விற்றது. ஸ்மித் 1951இல் இங்கிலாந்தின் ஒரு கடலோர ஊரில் கடனோடு இறந்துபோனார். இப்போதுதான் சில காலமாக அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அலெய்ஸ்டர் க்ரோலி என்பவருக்காக ஃபிரீடா ஹாரிஸ் என்ற அம்மையார் 1938இலிருந்து ஐந்து வருடம் வரைந்த கட்டும் ஒன்று உண்டு. அதில் ஆறாம் சீட்டு ரசவாத ராஜா ராணியின் கல்யாணமாகவே ஆகிவிட்டது. அது முறையாகச் சீட்டாக அச்சானது 1969இல், அதற்குள் இருவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

மாசி மாதக் கடைசியில் பேத்தி மறுபடி வந்தாள். தேதி வாரியாக எழுதி வைத்திருந்த தாளை அவளிடம் கொடுத்தேன். நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப எல்லாம் பொய்யா தாத்தா?"

"பொய்னு நான் சொல்லலை. தேதி தப்பு. மூவாயிரத்துக்கு அஞ்சாயிரம் வருஷம்னு வித்திருக்காங்க, இருக்கிறது இருநூத்தம்பதுகூட இல்லை."

சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்தப் பையன் இரண்டு வருடத்துக்குக் கனடா போகலாம் என்று சொல்கிறான், இவளுக்கு இந்த ஊரையும் அம்மாவையும் விட்டுப் போக மனம் இல்லை, அதை அவனிடம் சொல்லாமலே இருக்கிறாள் என்ற சங்கதி வெளியே வந்தது. சீட்டு பார்க்கப் போனதும் அதற்காகத்தானாம். டாரட் அம்மாளிடம் அதைக் கேட்டாளா என்றேன். இல்லை, இவன்தானா என்று மட்டும் கேட்டாளாம்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் மொட்டைமாடியில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கனடா முடிவாகவில்லை, வைகாசி மட்டும் அப்படியே இருக்கிறது என்று மகள் சொன்னாள். சாயங்காலம் நாலு பேரும் உட்கார்ந்து அந்த மார்செய் கட்டையே பிரித்து ஆடினோம். விதியை எனக்குத் தெரிந்த அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம். நான் சக்கரவர்த்தியை இறக்கினேன். பையன் யோசிக்காமல் ஆறைப் போட்டு வெட்டினான். அவன் கையை எடுப்பதற்குள் இவள் ரதத்தைப் போட்டுப் பிடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.